தாய்லாந்துச் சீட்டு

யோங் பெங்,
ஜோகூர், மலேசியா,
6 ஜூலை 2025

தம்பி அர்ச்சுனனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டு, கதவைப் பூட்டி, உன்னைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நலமாகத்தான் இருப்பாய். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தை அங்கே ஓர் அதிகாரி படிப்பாராம். தாராளமாகப் படிக்கட்டும். தமிழ் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

உன் கடிதம் கிடைத்தது. போலீஸ் உன்னைப் பிடித்துக்கொண்டு போனபின் அக்காவுக்கு நீ எழுதும் முதல் கடிதம். அதில் நீ கேட்டிருப்பது நம் வீட்டு நாட்டுச் சீட்டுக் கட்டை! "இங்கே இருக்கிற பையன்களுக்கு பிரேசில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை அக்கா, அனுப்பினால் சொல்லிக்கொடுப்பேன்" என்கிறாய். கிளினிக் கவுண்டரில் வேலைக்கு நடுவே நின்றபடியே படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. பல் பிடுங்க வந்திருந்த சீனப் பெரியவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். அர்ச்சுனா, அது சிரிப்பே இல்லை.

அந்தக் கட்டு எப்படி வந்தது என்று உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். லாயாங் லாயாங் ஊரில், ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டினார். கொடிகளை நான் வரைந்தேன். தலைநகரங்களை அப்பா எழுதினார். அம்மா நான்கு பக்கமும் டேப் ஒட்டினார். சீட்டை எடுத்தவர் அந்த நாட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நம்பினால் சீட்டு அவருக்கு. யாராவது "நம்பல" என்றால் அப்பா அட்லஸின் பின்பக்கக் குறிப்பைப் புரட்டுவார். பொய்யானால் சீட்டு போய்விடும். பராகுவேக்குக் கடல் கிடையாது, லெசோத்தோவைச் சுற்றிலும் ஒரே நாடு, நார்வேயில் நடு இரவிலும் வெயில் அடிக்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவை அல்ல, அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து படித்தவை. சிங்கப்பூரைத் தாண்டாத மனிதர் நமக்கு உலகத்தையே காட்டினார். நீயும் ஏதாவது சொல்வாய். "மங்கோலியாவுல ஒட்டகத்துக்குத் தனி ஸ்கூல் இருக்குதும்மா" என்பாய். முகத்தில் ஓர் அசைவு இருக்காது. அம்மா நம்பிவிடுவார்.

அதே முகத்தோடுதான் போன தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தாய். நானும் மகள் லோஷினியும் சீட்டை எடுத்துப் போட்டோம். பின் வரிசை வீட்டு செல்வராணியின் மகன் மகேஸ்வரன், முறுக்கு கொடுக்க வந்தவன், தானும் உட்கார்ந்தான். அவனுக்குத் தாய்லாந்துச் சீட்டு வந்தது. "சீட்டுல பாத்தது போதும்டா மகேஸ், நேர்ல போலாமா? சியாங் மாய்ல ஹோட்டல் வேலை, மலை, குளிரு, சாப்பாடு ஃப்ரீ" என்றாய். என் மேசையில், என் பலகாரத்தைத் தின்றுகொண்டே சொன்னாய். நீ சியாங் மாயைக் கண்ணால் பார்த்ததுண்டா? அவன் பர்னிச்சர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் கிளம்பினான். அதன்பிறகு ஒரு போன் இல்லை.

செல்வராணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் வந்து, "தனம், அந்த ஊரு எங்க இருக்குன்னு காட்டேன்" என்றாள். அட்லஸில் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "ஒரு சீட்டு இருக்குமில்ல, எம்மவன் கையில வெச்சிருந்தது, அதக் குடு" என்றாள். கொடுத்துவிட்டேன். இப்போது அது அவள் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினமும் அதற்கு விளக்கேற்றுகிறாள்.

ஆகவே கட்டில் ஒரு சீட்டு குறைகிறது. குறையாமல் இருந்தாலும் அனுப்பமாட்டேன்.

உன் அக்கா,
தனலெட்சுமி


சிறையிலிருந்து,
20 ஜூலை 2025

என் உயிருக்குயிரான தனம் அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமாக எழுதினாலும் உன் கையெழுத்து அழகுதான். பக்கத்துப் பாயில் படுப்பவர் உறையை மட்டும் பார்த்துவிட்டு "உங்க அக்கா டீச்சரா?" என்று கேட்டார். இல்லை, டீச்சரைவிடக் கண்டிப்பு என்றேன்.

அக்கா, நீ நினைக்கிற மாதிரி நான் ஆள் கடத்துகிறவன் இல்லை. என்னையும் ஏமாற்றிவிட்டார்கள். ஜோகூர் பாருவில் ஒரு ஆபீஸ் வைத்திருந்தவர் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார். படம் காட்டினார், பெரிய ஹோட்டல், நீச்சல் குளம். நம்ம பையன்கள் எத்தனை நாளைக்குத் தொழிற்சாலையில் பலகை அறுத்துக்கொண்டு கிடப்பது என்று நினைத்துத்தான் சொன்னேன். தாய்லாந்தில் ஹாட்யாய் வரைக்கும் பஸ் ஏற்றிவிட்டதோடு என் வேலை முடிந்தது. அதற்கப்பால் என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சின்ன வயதிலிருந்தே நீ என்னை நம்பியதில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே "நம்பல" என்பாய். ஒரு தடவை ஐஸ்லாந்தில் ரயிலே கிடையாது என்று உண்மையைத்தான் சொன்னேன். அதற்கும் நம்பல என்றாய். அப்பா புரட்டிப் பார்த்தார். நான் ஜெயித்தேன். அது உனக்கு நினைவிருக்காது. நான் பொய் சொன்னவை மட்டும்தான் நினைவிருக்கும்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. முதுகுவலிதான். லோஷினி எப்படி இருக்கிறாள்? நல்ல மார்க்கா? அவளிடம் நான் வெளியூரில் வேலை பார்ப்பதாகச் சொல். மாமாவுக்கு என் அன்பு.

இன்னொரு விஷயம். வழக்கறிஞர் உன்னைப் பார்க்க வருவார். தம்பி நேர்மையானவன், அந்த வேலை உண்மை என்று நம்பித்தான் அனுப்பினான் என்று நீ எழுதிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் பெரிய உதவியாக இருக்கும் என்கிறார். சொந்த அக்கா சொன்னால் நம்புவார்களாம். ஒரு தடவை நேரில் வந்து என்னைப் பார். என் முகத்தைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

உன் பாசத் தம்பி,
அர்ச்சுனன்


யோங் பெங்,
17 ஆகஸ்ட் 2025

அர்ச்சுனா,

வந்து பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், வரும்போது வழக்கறிஞர் கேட்ட அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் எண்ணத்தில்தான் வந்தேன். உன் கடிதம் என்னை அசைத்துவிட்டது. ஐஸ்லாந்து எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அன்று நீ துள்ளிக் குதித்ததில் விளக்குச் சிம்னி உடைந்தது. ஒருவேளை இத்தனை வருடமும் இவனை நான் தப்பாகவே பார்த்துவிட்டேனோ என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ மெலிந்துபோய் உட்கார்ந்திருந்தாய். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கப் போனில் நான் என்ன சொன்னேன்? "செல்வராணி தெனம் சாயங்காலம் அவன் நம்பருக்கு அடிச்சுப் பாக்குறாடா, எடுக்கவே மாட்றான்" என்றேன். அவ்வளவுதான்.

நீ என்ன சொன்னாய்? "எப்படிக்கா எடுப்பான், ஆத்தத் தாண்டுன ஒடனே போன வாங்கி வெச்சிருவாங்க லா."

"எந்த ஆறு?" என்று கேட்டேன்.

நீ முதுகுவலி என்றாய். பிறகு லோஷினி பரீட்சை என்றாய். நான் மறுபடியும் "எந்த ஆறுடா?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது என்று அதிகாரி வந்து சொல்ல, நீ அவரை ஏதோ தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஹாட்யாய்க்குப் பஸ் ஏற்றியதோடு முடிந்தது என்று எழுதியவனுக்கு ஆறு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து அப்பாவின் அட்லஸை விரித்தேன். தாய்லாந்தின் மேற்கு எல்லையில் ஓர் ஆறு ஓடுகிறது. அதைத் தாண்டினால் மியன்மார். சியாங் மாயும் இல்லை, ஹோட்டலும் இல்லை. நம் நாளிதழில் படம் போட்டிருந்தார்களே, முள்வேலி போட்ட கட்டடங்கள், பையன்களை அடைத்துவைத்துக் கம்ப்யூட்டரில் ஊரை ஏமாற்ற வைக்கிற இடங்கள், அது! உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே பஸ் ஏற்றினாய். தெரிந்தே அவனுடைய அம்மா கொடுத்த முறுக்கைத் தின்றாய்.

விசாரணை அதிகாரியிடம் போனேன். உன் மாமா "யோசிச்சுக்க தனம்" என்று மட்டும் சொன்னார், பிறகு அவரே காரை எடுத்தார். நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். இதுவரை தாய்லாந்திலேயே தேடிக்கொண்டிருந்தார்களாம்.

அதைவிடக் கஷ்டம் செல்வராணி வீட்டு வாசலில் நின்றது. பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அவன் தாய்லாந்தில் இல்லை, பக்கத்து நாட்டில் இருக்கலாம் என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கையிலிருந்த மியன்மார்ச் சீட்டைக் காட்டினேன். அப்பா எழுதியது, தலைநகர் ரங்கூன் என்றுதான் இருக்கிறது, அதுவே மாறிப் பல வருடமாகிவிட்டது. அதை வாங்கிப் பார்த்தாள். சாமி மேடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பன்னா இத்தன மாசமும் தப்பான நாட்டுக்கா வெளக்கு ஏத்திக்கிட்டு இருந்தேன், தனம்?" என்றாள்.

நான் என்ன பதில் சொல்வது? நீ சொல். எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் வாயில் பதில் வைத்திருப்பவன் நீதானே. இதற்கு ஒரு பதில் எழுதி அனுப்பு, அவளிடம் போய்ச் சொல்கிறேன்.

வழக்கறிஞர் கொண்டுவந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

தனம்


சிறையிலிருந்து,
2 செப்டம்பர் 2025

திருமதி தனலெட்சுமி அவர்களுக்கு,

நீங்கள் செய்த உதவிக்கு நன்றி. போலீஸ் என்னை மறுபடியும் விசாரித்தது. வழக்கறிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாய் தவறி வந்த ஒரு வார்த்தையை ஓடிப்போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா இருந்தால் எனக்கு எதிரி எதற்கு?

எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். முதல் பையனை அனுப்பியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிறகு அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. விழுந்தபோது நான் வெளியே வர முடியாத இடத்தில் இருந்தேன். அந்த ஆட்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம்.

அம்மா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. அங்கம்மா பெற்ற பிள்ளைகளில் ஒருத்தி இன்னொருத்தனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் ரத்தம். நான் யாரோ.

இனி என்னைப் பார்க்க வரவேண்டாம்.

அர்ச்சுனன்


யோங் பெங்,
16 நவம்பர் 2025

அர்ச்சுனா,

"திருமதி" என்று எழுதினால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாயா? அம்மாவை இதில் இழுக்காதே. அம்மா உன்னை நம்பினார் என்பது அவருடைய தப்பு இல்லை. நம்பியவரை நீ என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

மகேஸ் வந்துவிட்டான்.

அங்கிருந்து மீட்டவர்களோடு தாய்லாந்துப் பக்கம் கொண்டுவந்து, விமானத்தில் அனுப்பினார்கள். உன் வாயிலிருந்து விழுந்த வார்த்தையால் கண்டுபிடித்தார்களா, அவர்களாகவே கண்டுபிடித்தார்களா, எனக்குத் தெரியாது. அதில் உனக்குப் பங்கு கேட்காதே. செல்வராணி சாலையிலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை. வீட்டுக்குள் போனவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மூலையில் நின்றான், யாராவது உட்காரச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். லோஷினி அவளுடைய தோழியோடு நாட்டுச் சீட்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குழந்தை ஆசையாக, "மகேஸ் அண்ணா, வாங்க, ஒரு ஆட்டம்" என்றாள். அவன் சீட்டுகளைப் பார்த்தான். "எடுத்து உள்ள வெச்சிரும்மா" என்றான். குரலே வேறாக இருந்தது. பிள்ளைகளை அறைக்கு அனுப்பிவிட்டு அவனை உட்கார வைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். பிறகு சொன்னான்.

"ஆண்டி, அங்க ஃபேக் பேர்ல பொம்பளைங்ககிட்ட சாட் பண்ணணும். தனியா இருக்கிற வயசானவங்க. நான் இந்த நாட்டுல இன்ஜினியர், அந்த நாட்டுல டாக்டர்னு சொல்லணும். மத்த பசங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லி மாட்டிக்குவானுங்க. மாட்டுனா அடி. கரண்டு வெச்சி அடிப்பாங்க. எனக்குத்தான் நெறைய நாடு தெரியுமே. நார்வேயில கப்பல் இன்ஜினியர்னு சொல்வேன், இங்க நடு ராத்திரியும் வெயிலு, தூக்கமே வரல, ஒங்கள நெனச்சேன்னு எழுதுவேன். நம்பிடுவாங்க. அதனால என்னை ரொம்ப அடிக்கல ஆண்டி. ஒங்க வீட்டு ஆட்டந்தான் என்னைக் காப்பாத்துச்சு."

சொல்லிவிட்டு எனக்கு நன்றி சொன்னான், அர்ச்சுனா. என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்! பிறகு, "ஒரு பாட்டி வீட்ட வித்துட்டாங்க ஆண்டி, என்னால" என்று சொல்லி அப்போதுதான் அழுதான். இத்தனை மாதம் கழித்து, என் மேசையில் தலையைக் கவிழ்த்து.

அப்பா எதற்கு அந்த அட்டைகளை வெட்டினார்? தண்டவாளத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத இரண்டு பிள்ளைகளுக்கு, வெளியே இவ்வளவு பெரிய உலகம் இருக்கிறது, அங்கேயும் மனிதர்கள் சோறு தின்று தூங்கி எழுந்திருக்கிறார்கள் என்று காட்ட. அதை ஒரு பையன் அடியிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பொய்யாக ஆக்கிவிட்டாயே, பாவி. அந்த நார்வே வெயிலைச் சொன்னதே அப்பாதான்.

கேள். இனி கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. மகேஸுக்குப் பக்கத்து நாற்காலியில் பத்து பகாட் ஊர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம், பெயர் சிந்துஜா. தன்னையும் அர்ச்சுனன் அங்கிள்தான் அனுப்பினார் என்றாளாம். மீட்புக்கு முன்பே அவளை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். அவளுடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மகள் எந்த நாட்டில் இருக்கிறாள் என்றே தெரியாது. துபாய் என்று நீ சொன்னாயாம். வாசலில் நின்று என்னிடம் துபாய்க்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

உனக்கு அந்தக் கும்பலின் ஆளைத் தெரியும். ஆளைத் தெரிந்தால் இடமும் தெரியும். விசாரணை அதிகாரியின் பெயரும் முகவரியும் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தெரிந்ததை எழுதி அதில் போட்டுக் கொடு. எனக்கு எழுத வேண்டாம். உன் முதுகுவலி, சாப்பாடு, பாசம், எதுவும் எனக்கு வேண்டாம். அந்த உறை போய்ச் சேரும்வரை நான் உனக்கு அக்கா இல்லை.

தனலெட்சுமி ஐயாசாமி


யோங் பெங்,
21 டிசம்பர் 2025

தம்பி அர்ச்சுனனுக்கு,

விசாரணை அதிகாரி நேற்று கூப்பிட்டார். உறை போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

நான் கேட்டது சிந்துஜா ஒருத்தியைப் பற்றி. நீ அனுப்பிவைத்தவர்கள் என்று எழுதியிருப்பது நாலு பெயர் என்றார். நாலு! இன்னும் மூன்று வீடுகளில் யாரோ எந்த நாட்டையோ பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், நீ அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறாய். அதை நினைத்தால் உன்னை அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அறையலாம் போலிருக்கிறது. ஜோகூர் பாரு ஆபீஸ்காரன் பெயரையும் எழுதிவிட்டாயாம். அதற்குப் பிறகு பாதுகாப்புக்காக உன்னைச் சிறையின் வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும்.

சிந்துஜா கம்போடியாவில் இருந்தாள். இப்போது தூதரகத்தின் பாதுகாப்பில் இருக்கிறாள், அவளுடைய அம்மாவோடு பேசிவிட்டாள். மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஒருவனைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. அவனுடைய பெயரை நான் கேட்டு எழுதிவைத்துக்கொண்டேன்.

வழக்கில் நான் சாட்சி சொல்லத்தான் போகிறேன். ஆற்றைப் பற்றிக் கேட்டால் ஆற்றைப் பற்றிச் சொல்வேன். உறையைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். லோஷினியிடம் நீ வெளியூரில் வேலை பார்க்கிறாய் என்று நான் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய், எதற்கு இருக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னைப் பார்க்க வரமாட்டாள். அது அவளாக எடுத்த முடிவு.

அதிகாரியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "எனக்கு ஏதாவது எழுதியிருக்கானா சார்?" ஒரு வரிகூட இல்லை என்றார்.

எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதற்காக அப்படியே எழுதாமல் இருந்துவிடுவதா? பிறந்ததிலிருந்து நான் சொன்னதை எதையாவது கேட்டிருக்கிறாயா, இதை மட்டும் கேட்பதற்கு? முப்பத்தொன்பது வயது ஆகிறது, இன்னும் எது எப்போது செய்ய வேண்டும் என்று தெரியவில்லை உனக்கு.

மாதக் கடைசியில் வருகிறேன். முதுகுக்குத் தைலம் உள்ளே விடுவார்களா என்று விசாரித்து வைத்திருக்கிறேன், விடமாட்டார்களாம். வெறுங்கையோடுதான் வருவேன். பேசுவதற்கு எதையும் தயார் செய்துகொண்டு வராதே. வந்து உட்கார். நான் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

உன் அக்கா,
தனம்